அவன் எழுந்திருக்கும் வரை

காமாக்ஷி மாமி தன் மகனை இல்லத்தில் கொண்டுவந்து விட்ட அன்று அழவில்லை. எழுபத்தேழாம் வருஷம், மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. ஒரு டிரஸ்ட் அதை வாங்கிச் சுவரை வெள்ளையடித்து, புத்தி வளர்ச்சி குன்றிய ஆண்களுக்கான இல்லமாக நடத்திவந்தது. எவ்வளவு கழுவியும் மழை நாளில் தரையிலிருந்து சுக்கு வாசனை வரும்.

மாமி நனைந்த குடையை வாசலில் சாய்த்தாள். இருபத்தாறு வயது ராமபத்ரனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இல்லத்து மேட்ரன் சீதாலக்ஷ்மியிடம் பேச ஆரம்பித்தாள்.

"இவனுக்கு எதுவும் திடீர்னு ஆகப்படாது, கேட்டியா. பின்னாலேந்து வந்து கையைப் பிடிச்சா தலையைச் செவுத்துல மோதிப்பான். எதிர்க்க வந்து நிக்கணும். குளிக்கணும்னா தோர்த்துத் துண்டைக் காட்டணும், சாப்பிடணும்னா தட்டைக் காட்டணும். அப்பறம் அவனா எழுந்திருக்கற வரைக்கும் நிக்கணும். அவ்வளவுதான். வேறே ஒரு தொந்தரவும் இல்லே."

"எவ்வளவு நேரம் நிக்கணும் மாமி?"

"சில நாள் உடனே எழுந்துப்பான். சில நாள் கொஞ்சம் ஆகும். பிடிச்சு இழுத்துடப்படாது. அதை மட்டும் எல்லார்ட்டயும் பறஞ்சுடு."

மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். எலும்பில் விரிசல். வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். மகன் தள்ளியதில் விழுந்தாள் என்பது அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் பிறகு தெரியவந்தது. புருஷன் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. இத்தனை வருஷமும் அவனை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவளுக்கு இனிமேல் முடியாது.

சீதாலக்ஷ்மி பாலக்காட்டுக்காரி. எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு இந்த வேலைக்கு வந்தவள். கண்டிப்பானவள் என்று பெயர். அன்று சாயங்காலமே பணியாட்களைக் கூப்பிட்டு மாமி சொன்னதையெல்லாம் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் கூடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் ராமபத்ரனுக்கு எதிரே தோர்த்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது.

ஆனால் கொஞ்ச நாளிலேயே அவன் நெற்றி வீங்க ஆரம்பித்தது. பணியாட்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"இன்னொரு தடவை இவன் நெத்தியிலே காயம் பார்த்தேன்னா, அன்னிக்கு யாரு வேலையிலே இருந்தாளோ அவா வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

அதன் பிறகு காயம் கண்ணில் படவில்லை. அவன் நெற்றியில் தினமும் குழைத்த சந்தனம் பட்டையாகப் பூசியிருந்தது. பக்தியாக வைத்துவிடுகிறார்கள் என்றே அவள் நினைத்தாள்.

மாமி வியாழக்கிழமைதோறும் வருவாள். அப்படி ஒரு வியாழக்கிழமை மகனுக்கு எதிரே உட்கார்ந்து, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, அந்தச் சந்தனத்தைத் துடைத்தாள். அடியில் தோல் பிளந்து, ஆறி, மறுபடியும் பிளந்திருந்தது. மாமி சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்ற சீதாலக்ஷ்மியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பறஞ்சது அவ்வளவு கஷ்டமான காரியமா, சீதா?"

சீதாலக்ஷ்மி குனிந்து அந்தக் காயத்தைப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் ஆபீஸ் அறைக்குப் போகாமல் நேராகப் பின்கட்டு முற்றத்துக்குப் போனாள். அங்கேதான் எல்லோருக்கும் குளியல். காலை வேளைக்குப் பணியாள் ஒருவன்தான், ஒச்சப்பன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். இதே கடைத்தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். ஒரே குழாய். எட்டு மணிக்கு முன்னால் அதில் தண்ணீர் நின்றுவிடும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் சோப்பைக் கடித்தான். இன்னொருவன் ஈரத்தோடு வாசல் பக்கம் ஓடினான். ஒச்சப்பன் ஓடியவனைப் பிடித்துக்கொண்டு வந்து, அதே வேகத்தில் ராமபத்ரனின் கையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். ராமபத்ரன் திரும்பித் தூணில் தலையை மோதிக்கொண்டான்.

ஒச்சப்பன் அவளைப் பார்த்துவிட்டான். பயப்படவில்லை. களைத்துப்போயிருந்தான்.

"நிக்கச் சொல்றீக, நிக்கிறேம்மா. நான் இவன்கிட்ட நின்னா மத்தவங்களை யாரு பாக்குறது? தண்ணி நின்டு போச்சுன்னா மிச்சப்பேரை எதுல குளிப்பாட்டுறது? ஆபீஸ்ல உக்காந்து சொல்லிப்புட்டீக. கோவிச்சுக்கிறாதீக."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று முழுக்க யோசித்துப் பார்த்தபோது, அவன் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் முற்றத்தில் ஒரு பெரிய தகர டிரம் வந்தது. ராமபத்ரனுக்கான தண்ணீரை முதலிலேயே பிடித்து வைத்துவிட்டு, அவனைக் கடைசியாகக் குளிக்க வைப்பது என்று ஏற்பாடு. பகல் வேளைக்கு வரும் செல்லப்பாவைக் காலையில் முன்னதாகவே வரச் சொன்னாள். அதனால் குளியல் நேரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆளாக அவளே நின்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதலில் தானே ராமபத்ரனுக்கு எதிரே போய் நின்று, தோர்த்தைக் காட்டி, அவன் எழுந்திருக்கும் வரை காத்திருந்து காட்டினாள். பிறகு ஒச்சப்பனைச் செய்யச் சொன்னாள். அவனுக்கு மூட்டை தூக்கிய கை. தன்னையறியாமல் முன்னால் போகும். "கை" என்பாள் அவள். அவன் சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். நாளடைவில் ராமபத்ரனுக்கு எதிரே வந்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு கையில் தோர்த்து, இன்னொரு கை முதுகுக்குப் பின்னால், அப்படி ஒரு நிற்பு.

"இன்னிக்கு நன்னா நின்னே ஒச்சப்பா" என்று ஒருநாள் சொன்னாள். அவன் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவினான். ஆனால் அதற்குப் பிறகு அவளைத் தேடிவந்து, "இன்னைக்கு அவனா எந்திரிச்சு, அவனே துண்டை வாங்கிக்கிட்டாம்மா" என்று சொல்ல ஆரம்பித்தான்.

செல்லப்பா வேறு மாதிரி. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், இளைஞன், கல்யாணமாகிக் கைக்குழந்தைக்காரன். வாயே திறக்க மாட்டான். சொன்னதைச் சரியாகச் செய்வான். மலையாள வழக்கில் அவளை அக்கா என்று விளித்து அவன் கேட்ட ஒரே கேள்வி, "இது போதுமா சேச்சி?" என்பதுதான். வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அன்று சொன்ன சொல்லை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. அப்படிச் சொன்னதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. செல்லப்பாவுக்கு மறக்கவில்லை.

ஓணம் வந்தபோது ராமபத்ரனின் நெற்றியில் பழைய தழும்பு மட்டும்தான் இருந்தது. மாமி அந்த வியாழக்கிழமை அவன் நெற்றியை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பளிச்சென்று இட்டுவிட்டாள். "சின்னப் பையனாட்டம் இருக்கான் பாரு" என்று சிரித்தாள். அவள் சிரித்து சீதாலக்ஷ்மி பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் கோடையில் சீதாலக்ஷ்மிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகி நிற்க முடியாமல் போனபோது, தம்பி வந்து பாலக்காட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். புறப்படும்போது டிரஸ்டின் செயலாளர் அனந்தநாராயணனிடம், "குளிக்கிற நேரத்திலே ரெண்டு பேர் இருக்கணும் சார், அதை மட்டும் மாத்த வேண்டாம்" என்று சொன்னாள். அவர் கவலையோடு தலையசைத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அனந்தநாராயணன் கெட்ட மனிதரல்ல. காலையில் பிரார்த்தனைக்கு எல்லோரும் நேரத்துக்கு வர வேண்டும் என்று குளியலைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். பகல் வேளைக்கு ஆள் போதாமல் சாயங்காலம் இழுபறியாக இருப்பதையும் பார்த்தார். கையில் பலமுள்ள ஒச்சப்பன் சாயங்காலம் இருந்தால் நல்லது என்று தோன்றியது. அவனைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். காலைக்குச் செல்லப்பா ஒருவனே போதும் என்றார். முற்றத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற டிரம்மை சமையற்கட்டுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒச்சப்பன் ஒரு தடவை அவரிடம் போய், "அந்தம்மா ரெண்டு பேரு இருக்கணும்னு சொன்னாகளே" என்று கேட்டான். "வரட்டும், வந்ததும் பார்த்துக்கலாம்" என்றார் அவர்.

செல்லப்பா தன்னால் முடிந்தவரை செய்தான். தண்ணீர் நன்றாக வந்த நாட்களில் ராமபத்ரனுக்கு எதிரே நின்றான். வராத நாட்களில் இழுத்தான். சாயங்காலம் ஒச்சப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எப்போதும்போல நின்றான். யார் எதிரே வருவார்கள், யார் பின்னாலிருந்து பிடிப்பார்கள் என்று ராமபத்ரனுக்குத் தெரியாமல் போயிற்று. யாரும் சரியாக நிற்காத பழைய நாட்களைவிட இது மோசமாக இருந்தது. காலடிச் சத்தம் கேட்டாலே சுவரைத் தேடிப்போய்த் தலையை மோத ஆரம்பித்தான். செல்லப்பா காயத்தைக் கழுவினான். சந்தனம் அரைத்துப் பூசினான். யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாட்களில் மாமிக்கும் இடுப்பு வலி அதிகமாகிப் படுத்துவிட்டாள். வியாழக்கிழமைகளில் யாரும் வரவில்லை.

சீதாலக்ஷ்மி திரும்பி வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. இளைத்துப்போய், நடையில் தள்ளாட்டத்தோடு வந்தவள் பெட்டியைக்கூட வைக்காமல் முற்றத்துக்குப் போனாள். ராமபத்ரன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் எதிரே போய், கொடியில் கிடந்த தோர்த்தை எடுத்துக் காட்டினாள். அவன் அசையவில்லை. காத்திருந்தாள். வெகுநேரம் நின்றாள். அவன் முகம் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தது. தோர்த்தை இடது பக்கம் கொண்டுபோனாள். வலது பக்கம் கொண்டுபோனாள். அவன் கண் கூடவே வரவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் செல்லப்பா நின்றுகொண்டிருந்தான்.

"கொஞ்ச நாளா தட்டை வெச்சா தடவித் தடவி எடுக்கிறான் சேச்சி. எனக்குப் பேடியாயிட்டு, பயந்துட்டேன். அடி பட்டதைப் பறஞ்சா ஜோலி போவும்னு… வீட்டுல சின்னக் குஞ்சு இருக்கு சேச்சி."

படகில் எர்ணாகுளத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒச்சப்பன் பயணம் முழுக்க அவன் தலைக்கும் படகின் மரச்சட்டத்துக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தான். கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வலது கண் சின்ன வயதிலேயே மோதி மோதி மங்கிப்போனது. இடது கண்ணின் உள்ளே விழித்திரை கிழிந்து பிரிந்துவிட்டது. ஆரம்பத்திலேயே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். குரலைத் தணித்துத்தான் சொன்னார்.

மாமியின் வீட்டுக்கு சீதாலக்ஷ்மி தனியாகப் போனாள். மாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சீதாலக்ஷ்மி எதையும் மறைக்கவில்லை. இரண்டு மாதத்தில் நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். தான் அன்று மிரட்டியதையும், அதனால்தான் செல்லப்பா வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னாள்.

மாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனிமே தோர்த்தை எப்படிக் காட்டுவேள்?" என்று கேட்டாள்.

சீதாலக்ஷ்மி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமி அவளைத் தொடவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. "கோபம் இல்லேன்னு நான் பறயமாட்டேன் சீதா. நெஞ்சு எரியறது. ஆனா அவனை அங்கேதான் விட்டாகணும். வேறே எங்கே கொண்டுபோவேன்?" என்றாள்.

சீதாலக்ஷ்மி திரும்பி வந்து பணியாட்கள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தாள். அனந்தநாராயணனையும் வரச் சொன்னாள். அவர் வந்து ஓரமாக நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்தார். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் முற்றத்துப் பக்கமே வரவில்லை.

"செல்லப்பாவை யாரும் ஒண்ணும் சொல்லப்படாது" என்றாள் அவள். "அவனைப் பேசவிடாம பண்ணினது நான். இனிமே விட்டுப்போனதை விட்டுப்போச்சுன்னு சொல்லுங்கோ. யார் வேலையும் போகாது. மறைச்சா நஷ்டம் ராமபத்ரனுக்குத்தான்."

அனந்தநாராயணன் டிரம்மைத் திரும்பக் கொண்டுவரவும், ஒச்சப்பனைக் காலைக்கு மாற்றவும் சொன்னார். காலையில் இரண்டு பேர் என்பதை இனி யாரும் மாற்ற மாட்டார்கள் என்று தானாகவே சொன்னார்.

முதல் சில நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், ஒருவர் போய் இன்னொருவர் வரும் வேளையில் ஒச்சப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "இன்னைக்குக் காலையில அவசரத்துல தோளைப் பிடிச்சுப்புட்டேன். முட்டிக்கிட்டான். லேசாத்தான்." அவர்கள் சீதாலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள், "என்ன அவசரம்?" என்று மட்டும் கேட்டாள். பால்காரன் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். மறுநாள் முதல் பால்காரனைச் சமையற்கட்டு வழியாக வரச் சொன்னார்கள். அதன் பிறகு மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். புதிதாக வேலைக்கு வருபவர் பழைய ஆள் பக்கத்தில் நின்று பழகாமல் ராமபத்ரனிடம் தனியாகப் போவதில்லை என்று ஆயிற்று.

தோர்த்துக்கு வழி கண்டுபிடித்தது மாமிதான். நடக்க முடிந்ததும் ஒரு வியாழக்கிழமை வந்து, தோர்த்தின் ஒரு மூலையை நனைத்து மகனின் உள்ளங்கையில் வைத்தாள். பெயரைச் சொன்னாள். காத்திருந்தாள். அவன் துணியைக் கசக்கிப் பார்த்தான். பிறகு எழுந்தான். சாப்பாட்டுக்குத் தட்டின் விளிம்பு, வெளியே போவதற்குச் செருப்பின் வார். எல்லோரும் ஒன்றுபோலச் செய்தார்கள். அவன் மோதிக்கொள்வது குறைந்தது. சில மாதங்கள் ஒரு காயம்கூட இல்லாமல் போயின. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் மேட்ரனைப் பாராட்டினார்கள். அவர்கள் பாராட்டும்போது சீதாலக்ஷ்மியால் அங்கே நிற்க முடியாது. ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மார்கழியில் காமாக்ஷி மாமி காலமானாள். காரியம் செய்வதற்குப் பாலக்காட்டிலிருந்து அவளுடைய கொழுந்தன் மகன் வந்தான். இல்லத்துக்கு வந்து, "அண்ணாவைக் கூட்டிண்டு வரவேண்டாம், நானே பண்ணிடறேன். அங்கே வந்து தலையை முட்டிண்டா யாருக்கும் தாங்காது" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

"பிள்ளை உயிரோட இருக்கான்" என்றாள் சீதாலக்ஷ்மி. "எங்க மனுஷா பார்த்துப்பா."

வீட்டில் மாமியைக் கிடத்தியிருந்தார்கள். செல்லப்பா ராமபத்ரனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அவன் உள்ளங்கையில் கொஞ்சம் அரிசியை வைத்தான். "அம்மாவுக்கு" என்றான். புரோகிதர் நேரமாகிறது என்றார். யாரும் அவனைத் தொடவில்லை. அவனாக எழுந்தான். செல்லப்பாவின் பின்னால் போய், குனிந்து, முதலில் பாதத்தைத் தொட்டான். அங்கிருந்து தடவிக்கொண்டே போய் முகத்துக்கு வந்தான். மூக்கு, மூடிய கண், நெற்றி. குளிர்ந்திருந்த கன்னத்தில் கையை வைத்து அப்படியே இருந்தான். அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருஷத்தில் அங்கே இருந்தவர்கள் யாரும் கேட்காத சத்தம். ஒச்சப்பன் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். ஆனால் ராமபத்ரன் சுவரைத் தேடவில்லை. அரிசியைத் தாயின் வாயில் இட்டான். பாதி கீழே சிந்தியது.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. சீதாலக்ஷ்மி வாசலில் நின்று அவர்கள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் இல்லாமல், இவ்வளவு பெரிய காரியத்துக்கு அவனைக் கொண்டுபோகிறார்கள். அங்கே நெருப்பு, கூட்டம், உடையும் பானை. திரும்பி வரும்வரை அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

பகல் சாய்ந்த பிறகு வந்தார்கள். ராமபத்ரன் ஈர வேட்டியோடு நடுவில் நடந்துவந்தான். அவள் முதலில் பார்த்தது அவன் நெற்றியை. ஒன்றும் இல்லை.

செல்லப்பா அன்று நிறையப் பேசினான்.

"சவரத்துக்குப் புரோகிதர் சம்மதிச்சாரு சேச்சி, பேருக்கு ஒரு கொத்து முடி எடுத்தா மதி, போதும்னாரு. பானை உடைக்கறதுக்கு முன்னாடி ஒச்சப்பண்ணன் எதிர்க்க நின்னு அவன் கையை எடுத்து அந்தப் பானையிலே மெள்ளத் தட்டிக் காட்டிச்சு. பின்னெ ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து தூரமாப் போட்டு உடைச்சு அந்த ஒச்சையைக் கேக்க வெச்சுது. அப்பறம்தான் உடைக்க விட்டோம். கொள்ளிக்கு முன்னாடி சூட்டைக் காட்டினோம். ஒவ்வொண்ணுக்கும் நின்னோம். புரோகிதருக்குத் தேஷ்யம், கோபத்துல முறைச்சாரு. பின்னெ அவரும் நின்னாரு."

ஒச்சப்பன் திரும்பி நின்று துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் ராமபத்ரன் தடவிக்கொண்டே போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். கிழமை அவனுக்கு எப்படித் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. மாமி வரும் நேரம் கடந்தது. சாயா கொண்டுவந்து வைத்த செல்லப்பா, ஆபீஸ் அறைக்கு வந்து கதவோரம் நின்றான்.

"அன்னிக்கு எல்லாத்துக்கும் முன்னாடியே பறஞ்சோம் சேச்சி. இனி வரமாட்டாங்கறதை எப்படிப் பறயறது? கையிலே என்னத்தை வெக்கறது?"

அவள் எழுந்து வாசலுக்குப் போய், எதிரே நின்று, அவன் பெயரைச் சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். தெருவில் சரக்கு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் தன் கையை அவன் மடியில் வைத்தாள். அவன் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தான். பிறகு பத்திரமாக அவள் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு, முகத்தை மறுபடியும் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டான்.